கோபிக்குப் போகாத நைட்டி

செப்டம்பர் 10, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். சின்ன மருமகள் வளர்மதி. சின்ன மகன் தங்கராசு. சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அதனால் அரை ஆள். தையல் மிஷினில் ராஜலட்சுமி. கோயம்புத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்த பெனிட்டா என்கிற நாகர்கோயில் பெண். சுவரில் மாலையோடு என் வீட்டுக்காரர்.

இந்த டைரி தங்கராசு வேலை பார்க்கும் மஞ்சள் மண்டியில் மிஞ்சியது. வருஷம் முக்கால்வாசி போன பிறகு கொண்டுவந்து கொடுக்கிறான். நான் அஞ்சாவது வரை படித்தவள். என் ஞாபகத்துக்கு டைரி தேவையில்லை. நடந்ததை நடக்கவில்லை என்று பிற்பாடு யாராவது சாதித்தால் முகத்துக்கு நேரே காட்டத்தான் எழுதுகிறேன்.

வளர்மதி ஈரோட்டில் இந்த வீட்டிலிருந்தே போனில் நைட்டி விற்கிறாள். பை வைத்த நைட்டி. செல்போன் போட்டுக்கொள்ளலாம். கடை என்று ஒன்று கிடையாது. விளம்பரம் போனில் வரும், ஆர்டர் போனில் வரும், பார்சல் வீட்டுக்குப் போகும், காசை வாசலில் வாங்கிக்கொள்வார்கள். வில்லங்கம் அந்த வாசலில்தான். ஆசையாக ஆர்டர் போட்டவள், பார்சல்காரன் வந்து நிற்கும்போது "நான் போடவே இல்லீங்களே" என்கிறாள். நைட்டி ஊர் சுற்றிவிட்டுக் கசங்கித் திரும்பி வருகிறது. போன மாதம் திரும்பி வந்த மூட்டையில்தான் நான் இப்போது சாய்ந்திருக்கிறேன்.

அதைச் சரிபண்ணத்தான், கடையின் போன் விளம்பரத்தைப் பார்த்துக்கொள்கிற பெனிட்டா வந்திருந்தாள். அவள் சொன்னது:

"இப்போ என்ன நடக்குன்னா பாட்டி, விளம்பரத்தைப் பார்த்து ஒருத்தங்க ஆர்டர் போட்டதும், அவங்க போனே விளம்பரக் கம்பெனிக்கு 'இவங்க வாங்கிட்டாங்க'ன்னு சொல்லிடுது. சில போன் சொல்லவே செய்யாது. சில போன் ஒண்ணை ரெண்டாச் சொல்லும். பார்சலைத் திருப்பி விட்டவங்களைக்கூட வாங்கினதாத்தான் சொல்லும். கம்பெனி அதை நம்பி, அதே மாதிரி ஆளுகளாத் தேடித்தேடி நம்ம விளம்பரத்தைக் காட்டுது."

"திருப்பி அனுப்பறவளுகளையே தேடிப் புடிக்குதா?"

"அதேதான். இனிமே அவங்க போனை நம்ப வேண்டாம். நம்ம கடையோட சர்வரே கம்பெனிக்கு நேராச் சொல்லட்டும். நடுவுல ஆள் வச்சுச் சொல்லி அனுப்பினா சேதி கெட்டுப்போகும்லா."

"உண்மையா வாங்கறாளான்னு அந்த சர்வருக்கு எப்பிடித் தெரியும்?"

"யாராவது போன் பண்ணிக் கேட்டுச் சொல்லணும். சரின்னா பச்சைப் பொத்தான், இல்லேன்னா சிவப்பு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தங்கராசுகூடச் சாதத்தை விட்டுத் தலை தூக்கினான்.

வளர்மதி மெதுவாகச் சொன்னாள். "அத்தை, இந்தத் தீவாளி ஓடுலீன்னா கடைய மூடிருவனுங்க. திருப்பூர்ல எங்கக்கா கம்பெனிக்கே வேலைக்கு வரச் சொல்லுது. நாங்க அங்க போயிட்டா நீங்க அம்பத்தூர்ல பெரியவர் வீட்டுலதான் இருக்கோணும்."

அம்பத்தூரில் பெரியவனுக்கு ஆறாவது மாடி. எனக்கொன்றுமில்லை. இருந்துகொள்வேன். அங்கே பக்கத்து வீட்டுக்காரி பேர்கூட யாருக்கும் தெரியாது. யாரோடு பேசுவது? பேசாவிட்டால் யார்மேல் கோபப்படுவது?

போன் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

டேப்லெட் என்று ஒரு பலகை கொடுத்திருக்கிறார்கள். அதைத் திறக்க ஒரு பேரைத் தட்ட வேண்டும். ராசியாக இருக்கும் என்று வளர்மதி என் வீட்டுக்காரர் பேரையே வைத்துத் தொலைத்திருக்கிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வேன். வாயால் சொல்லாததை விரலால் மட்டும் தட்டுவேனா? ராஜலட்சுமி மிஷினை நிறுத்திவிட்டு வந்து திறந்து கொடுத்தாள்.

"ஏனுங்காத்தா, தெனமும் நானா வரோணும்?"

"உனக்குக் காலு இல்லையா?"

பச்சை அமுக்கினால் பார்சலும் போகும், கம்பெனிக்குச் சேதியும் போகும். சிவப்பு அமுக்கினால் இரண்டும் போகாது. பார்சல் விஷயம் மண்டையில் ஏறிவிட்டது. சேதி எங்கே போய் என்ன செய்யும் என்று பெனிட்டா ஏதோ சொன்னாள். அப்போது கீரைக்காரி வந்துவிட்டாள்.

செப்டம்பர் 16, சனி

இன்றைக்குச் சிவப்பு வாங்கியவர்கள்: "யாரு?" என்று அதட்டியவள். "ரெக்கார்டிங் குரலா?" என்று கேட்டவள். என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பேரனை அடித்தவள். மெரூன் நிறம் வருமா என்று கேட்டுவிட்டு, வராது என்றதும் "அப்பறம் என்ன கடை?" என்றவள்.

பச்சை வாங்கியவர்களில் ஒருத்தி பட்டுக்கோட்டை. மூட்டுவலி. என் வலியையும் விசாரித்தாள். முக்கால் மணி நேரம் பேசினோம். நல்ல குடும்பம்.

செப்டம்பர் 19, செவ்வாய்

கோபியிலிருந்து ஓர் ஆர்டர். ஊர்ப் பேரைப் பார்த்ததும் விரல் தானாகச் சிவப்புக்குப் போய்விட்டது. கூப்பிடவில்லை.

ஏன் என்று எழுதிவைக்கிறேன்.

பெரியவனுக்குக் காதுகுத்து. கச்சாயம் சுட்டேன். பச்சரிசி மாவையும் வெல்லப்பாகையும் என் கையால் சேர்த்து, என் கையால் தட்டி, அடுப்பங்கரைப் புகையில் கண்ணெரிய எண்ணெயில் போட்டு எடுத்தேன். அன்றைக்குத் தின்றவர்கள்: மாமனார், மாமியார், பங்காளி வீட்டு அர்த்தநாரியும் அவர் பொண்டாட்டி காளியாத்தாளும், காது குத்திய ஆசாரி, வண்டிக்கார மாரப்பன், என் வீட்டுக்காரர். ஆம்பிளைகள் வாசல் கட்டிலில் உட்கார்ந்து தின்றார்கள். கோபியில் கட்டிக்கொடுத்த என் நாத்தனார் செல்லம்மாள் கடைசி பஸ்ஸுக்குத்தான் வந்து இறங்கினாள், பச்சைக் கண்டாங்கிச் சேலை, கையில் பூசணிக்காய். அதற்குள் சட்டி காலி. கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

படுக்கப் போகும்போது என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "செல்லம்மா ஒரு வார்த்த சொல்லிருச்சு. நீ மனசுல வச்சுக்காத. உன்ற கச்சாயத்துல அம்மி கொத்தலாமாம்."

வந்ததும் வராததுமாக என்ன வாய் பாருங்கள்.

அன்றோடு அவளிடம் பேச்சு இல்லை. கோபி மண்ணை மிதிக்கவில்லை. கச்சாயமும் சுடவில்லை. இவர் பாவம், நடுவில் கிடந்து தவித்தார். என் சமையலை ஒருநாள், ஒரு பொழுது குறை சொல்லாத மனுஷர்.

செப்டம்பர் 28, வியாழன்

திரும்பி வரும் மூட்டை பாதியாக இளைத்துவிட்டது. வளர்மதி எனக்கு இனிப்புப் பணியாரம் வாங்கிக்கொண்டு வந்தாள். "அத்தை பச்ச அமுக்கினதுல ஒருத்திகூடத் திருப்பி விடலீங்க!" என்று தங்கராசிடம் என்னைக் காட்டிப் பீற்றினாள். அவன் அவள் வாங்கி வந்ததில் ஒன்றை எடுத்துத் தின்றான்.

ஆனால் ஒன்று. வர வர ஆர்டர் போடுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள். எல்லோருக்கும் வயது, எல்லோருக்கும் முழங்கால், எல்லோருக்கும் பிள்ளைகள் வெளியூரில். மன்னார்குடியிலிருந்து ஒருத்தி நைட்டிக்கு ஆர்டர் போட்டுவிட்டு, "நைட்டி கெடக்குது, நீங்க சாப்ட்டீங்களா?" என்கிறாள்.

நான் ஒரு நாளைக்கு நாலைந்து பேரோடுதான் பேசி முடிக்க முடிகிறது.

அக்டோபர் 6, வெள்ளி

பெனிட்டா வீடியோவில் வந்தாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பாட்டி, நீங்க பச்சை அமுக்கினவங்க மாதிரி ஆளுகளைத்தான் அந்தக் கம்பெனி மிஷின் தேடுது. நீங்க வயசானவங்களாப் பாத்துப் பச்சை அமுக்குறிய. அதனால ஊர்ல உள்ள பாட்டிகளுக்கெல்லாம் நம்ம விளம்பரம் போகுது."

"நல்லதுதானே. திருப்பி விடறதில்லீல்ல?"

"விடலை. ஆனா வருஷத்துக்கு ஒண்ணுதானே வாங்குவாங்க. அது போகட்டும். கோபி என்னாச்சு? போன தீபாவளிக்கு நம்ம ஆர்டர்ல பாதி கோபிதான். இப்போ கோபியில யாருமே நைட்டி வாங்க மாட்டாங்கன்னு மிஷின் முடிவு பண்ணிட்டு. கோபிக்காரங்க மாதிரி இருக்காங்கன்னு சத்தி, அந்தியூர், பவானி எல்லாத்தையும் சேர்த்து விட்டுட்டு. அந்தப் பக்கமே விளம்பரம் போகலை."

வளர்மதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் படித்தது அந்தப் பக்கம். முதல் நைட்டியை வாங்கியது அவள் சிநேகிதிகள்தான். பள்ளிக்கூட டீச்சர்கள், பாங்கில் இருப்பவர்கள்.

"ஏனுங்கத்தை, கோபி ஆர்டரெல்லாம் ஏன் செகப்பு?"

"எடுக்கலை கண்ணு."

பொய் இல்லை. நான் கூப்பிடவில்லை, அவர்கள் எடுக்கவில்லை.

இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. எங்கேயோ இருக்கிற ஒரு மிஷின், ஒரு வார்த்தை விசாரிக்காமல், என் பக்கம் நின்று கோபியோடு பேச்சை நிறுத்திவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் பெற்ற பிள்ளைகள்கூட அப்படி நின்றதில்லை.

அக்டோபர் 11, புதன்

வளர்மதி கொல்லையில் நின்று அம்பத்தூருக்குப் போன் பேசினாள். துணி உலர்த்துகிற கொடிக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். "தீவாளி முடிஞ்சதும் அத்தையைக் கொண்டாந்து விட்டுரட்டுங்களா மாமா? இல்லீங்க, அவங்களுக்கு இன்னும் சொல்லுலீங்க."

நான் போர்வையை இரண்டு தரம் உதறினேன். அவளுக்குக் கேட்டிருக்கும்.

அக்டோபர் 12, வியாழன்

பருப்புச் சாதம். உப்பு கூட. யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 13, வெள்ளி

பெனிட்டா எனக்கு மட்டும் தனியாகப் போன் பண்ணினாள்.

"பாட்டி, யாருக்குப் போன் போச்சுன்னு இங்கே தெரியும். கோபி நம்பர் ஒண்ணுக்குக்கூடப் போகலை."

"டவர் இல்ல."

"மன்னார்குடிக்கு ஒரு மணி நேரம் டவர் இருந்துதே."

கெட்டிக்காரி. பிறகு சொன்னாள்: "வளர்மதி அக்காகிட்டே நான் ஒண்ணும் சொல்லலை. நாளையிலிருந்து கோபிக்கு மட்டும் தனியா கொஞ்சம் விளம்பரம் ஓட்டிப் பார்க்கேன். இதுதான் கடைசி. ஆர்டர் வந்தா கூப்பிடுங்க. நிஜமாவே கூப்பிடுங்க பாட்டி."

என் வயதுக்கு எவளும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. இவளையும் குறித்துவைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 14, சனி

கோபியிலிருந்து ஓர் ஆர்டர். கவிதா என்று பேர். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற நைட்டி, பெரிய அளவு, இரண்டு. இதே பேரில் இதே நைட்டி முன்பு மூன்று தரம் வந்து மூன்று தரமும் சிவப்பாகியிருக்கிறது. எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு எது ஞாபகம் இல்லை?

இந்தத் தரம் கீழே எழுதியிருந்தாள். "அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்திருக்காங்க. சேலை கட்ட முடியலை. ஏன் ஒவ்வொரு தடவையும் கேன்சல் பண்றீங்கன்னு தெரியலை. தயவுசெஞ்சு அனுப்புங்க."

பார்சல் வாங்க வேண்டியவர்: செல்லம்மாள். வாய்க்கால் மேடு, கோபி.

இன்றைக்கு இரண்டு பொத்தானையும் அமுக்கவில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

அமுக்கவில்லை.

அக்டோபர் 16, திங்கள்

கூப்பிட்டேன். கடை ஆளாகத்தான் கூப்பிட்டேன். வேறு எண்ணம் இல்லை. அங்கே எடுத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தொண்டை மாறவில்லை.

"ஆருங்க?"

"நைட்டிக் கடையிலிருந்து பேசறோம். ஆர்டர் போட்டிருந்தீங்க. உறுதிதானுங்களா?"

"ஏனுங்க நங்கையா," என்றாள். எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவோம். "கொரல மாத்திப் பேசுனா எனக்குத் தெரியாதுங்களா? மூணு தடவ வேண்டாம்னு அடிச்சுவிட்டது நீங்கதானா?"

"ஊரு பேரு பாத்து அடிச்சன். ஆளு பேரு பாக்குல."

"ஆளு பேரு பாத்திருந்தா?"

"ரெண்டு வாட்டி அடிச்சிருப்பன்."

சிரிக்கிறாள்! இடுப்பு உடைந்து படுத்துக்கொண்டு சிரிக்கிறாள். சிரித்ததில் வலித்து, ஆத்தா என்று கத்தினாள். எப்படி விழுந்தாய் என்று கேட்டேன். கோழி துரத்தப் போய் விழுந்தாளாம். எழுபத்தைந்தை நெருங்குகிறவளுக்குக் கோழி எதற்கு என்று கேட்டேன். "உங்களுக்கு இந்த வயசுல நைட்டி யாவாரம் எதுக்குங்க?" என்றாள். அதே வாய், அதே வாய்.

"படுக்கறப்ப ஒருக்களிச்சுப் படு. காலுக்கு நடுவால தலகாணி வையி."

"வச்சிருக்கனுங்க. இத்தன வருசம் கழிச்சுப் பேசறீங்க, வைத்தியமா சொல்றீங்க?"

"நீ சொன்னத நான் மறக்குல, அம்மிணி. அம்மி கொத்தலாம்னு சொன்னயே."

"நா எப்பங்க அப்பிடிச்..."

வைத்துவிட்டேன். பொய்யைக் கேட்க நேரமில்லை.

பச்சையை அமுக்கினேன். கோபத்தில்தான். கோபியிலிருந்து இன்னும் ஐந்து ஆர்டர் காத்துக் கிடந்தது. அதே கோபத்தில் ஐந்து பேரையும் கூப்பிட்டு ஐந்துக்கும் பச்சை. ஒருத்தி மெரூன் கேட்டாள். பச்சை.

அக்டோபர் 23, திங்கள். ஆயுத பூசை

தையல் மிஷின், கத்தரி, இஸ்திரிப் பெட்டி, டேப்லெட், எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. சர்வருக்கும் வைத்தாக வேண்டும் என்றேன். இவ்வளவு உழைக்கிறது. அது மும்பையிலோ எங்கேயோ இருக்கிறதாம். இன்டர்நெட் பெட்டிக்கு வைத்துக் "கொண்டுபோய்ச் சேத்துரு சாமி" என்று கும்பிட்டேன். தங்கராசு பொரியை மென்றுகொண்டே ஒரு விளக்கு எரியவில்லை என்றான். பொட்டு அந்த விளக்கின்மேல் விழுந்திருந்தது.

கோபியிலிருந்து நேற்று மட்டும் ஒன்பது ஆர்டர்.

நவம்பர் 2, வியாழன்

மூச்சுவிட நேரமில்லை. ராஜலட்சுமிக்கு ஒத்தாசையாக இன்னும் இரண்டு பெண்கள் தைக்கிறார்கள். கோபி, சத்தி, அந்தியூர், பவானி. தண்ணீர் திறந்துவிட்ட வாய்க்கால் போல வருகிறது.

சந்தோஷப்படலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. செல்லம்மாளுக்குப் பச்சை அமுக்கினேன் அல்லவா? அந்த மிஷின் அவளைப் போலவே ஆட்களைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஒருத்தி, "தையலு பிரிஞ்சா நேர்ல வந்து நிப்பன்" என்கிறாள். ஒருத்தி, "பை எதுக்கு இத்தன சின்னது? உன்ற கஞ்சத்தனமா, முதலாளி கஞ்சத்தனமா?" என்கிறாள். அந்தியூர்க்காரி ஒருத்தியோடு இன்றைக்குச் சரியான சண்டை. கடைசியில் நாலு நைட்டி எடுத்தாள். எந்தப் பார்சலும் திரும்பி வரவில்லை. உலகத்தில் ஒரு செல்லம்மாள் போதாதென்று ஜில்லா முழுக்கச் செல்லம்மாள்.

தொண்டை கட்டிவிட்டது. மன்னார்குடிக்காரியைக் கூப்பிட்டே பத்து நாளாகிறது.

சாயங்காலம் வளர்மதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்கத்தை, கோபிக்காரங்க இப்பப் போன் எடுக்கறாங்களுங்களா?"

"எடுக்கறாங்க."

"முன்னால எடுக்காதது அவங்கதானுங்களா?"

"போயி வேலையப் பாரு."

அவள் போகாமல் என் காலைப் பிடித்துவிட்டாள். அம்பத்தூருக்குப் போன் பண்ணி, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். நான் எதை வேண்டாம் என்று கேட்கவில்லை. எனக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

நவம்பர் 9, வியாழன்

செல்லம்மாள் அவளாகக் கூப்பிட்டாள். ஜிப்பு முரடாம். எண்ணெய் தொட்டுத் தடவச் சொன்னேன். நிறம் வெளிறுகிறதாம். வெயிலில் போட்டால் நீகூடத்தான் வெளிறுவாய் என்றேன். அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

"நங்கையா, ஒண்ணு சொல்றன், போன வெச்சுராதீங்க. அந்தக் கச்சாயத்த நா கண்ணால பாக்கவே இல்லீங்க. நா வந்து எறங்கறப்ப சட்டி கவுந்து கெடந்துச்சு. ஒண்ணு குடுங்கன்னு நாங் கேட்டதுக்கு, தீந்துபோச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அப்பறம் ஆரு சொன்னா?"

"என்ற அண்ணந்தான்."

"ஆரு?"

"என்ற அண்ணனுங்க. உங்கூட்டுக்காரரு. வாசல்ல கட்டில்ல ஒக்காந்துட்டு, 'இதுல அம்மி கொத்தலாம்'னு சொல்ல, அத்தன ஆம்பளைகளும் சிரிச்சிருக்காங்க. வண்டிக்கார மாரப்பன் உங்க காதுல போட்டுருவான்னு பயம். அதுக்குள்ள முந்திட்டு எம்மேல போட்டுட்டாரு. செல்லம்மா தூரத்துல இருக்கறவ, சண்ட வந்தாலும் தெனமும் வராதுன்னு கணக்குப் பண்ணிட்டாராம். நெம்ப வருசங் கழிச்சு அவரே எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

"நீ ஏன்டி எங்கிட்டச் சொல்லுல?"

"எங்க பேச உட்டீங்க, சொல்றதுக்கு?"

வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அன்றைக்குக் கச்சாயம் தின்றவர்களை மனதுக்குள் ஒவ்வொருவராக வரிசையில் உட்கார வைத்தேன். மாமனார், மாமியார், அர்த்தநாரி, காளியாத்தாள், ஆசாரி, மாரப்பன், இவர். பச்சைக் கண்டாங்கி அந்த வரிசையில் இல்லை. அவள் பூசணிக்காயோடு வெறும் சட்டியின் பக்கத்தில் நிற்கிறாள்.

என் ஞாபகத்தில் ஒரு பிசகும் இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அவள் சொன்னாள் என்கிற ஒன்றைத் தவிர. அது என் ஞாபகமே இல்லை, இவர் கொண்டுவந்து வைத்தது.

நவம்பர் 10, வெள்ளி

ராஜலட்சுமியிடம் பச்சரிசி ஊறப்போடச் சொன்னேன். "என்னத்துக்குங்காத்தா?" என்றாள். நைட்டி செய்ய என்றேன்.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், வளர்மதி, தங்கராசு, புதுச் சேலையில் ராஜலட்சுமி, ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காமல் இங்கே வந்துவிட்ட பெனிட்டா. சுவரில் இருப்பவரை நான் இன்றைக்குக் கணக்கில் சேர்க்கவில்லை.

விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கச்சாயம் சுட்டேன். பாகு பதம் என் விரலுக்கு மறக்கவில்லை. முதல் ஈடு கொஞ்சம் அழுத்தம்தான். தங்கராசு ஒன்றைக் கடித்தான், கன்னத்தைப் பிடித்தான், என்னைப் பார்த்தான், "நல்லாருக்குதுங்கம்மா" என்றான். அப்பன் பிள்ளை. வளர்மதி இரண்டு தின்றாள், தண்ணீர் குடித்தாள். பெனிட்டா மட்டும், "பாட்டி, இதைக் கொஞ்ச நேரம் ஊற வைக்கணுமோ?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அவளைக் குறித்துவைத்திருந்ததை அடித்துவிட்டேன்.

ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயமும், மெரூனில் ஒரு நைட்டியும் (கடையில் அந்த நிறம் இல்லை, ராஜலட்சுமியைத் தனியாகத் தைக்கச் சொன்னேன்) தங்கராசு பைக்கில் கோபிக்குப் போயிற்று. மத்தியானம் போன் வந்தது.

"நங்கையா."

"தின்னயா?"

"தின்னனுங்க. என்ற வாயால இன்னிக்குத்தான் மொதத்தடவ தின்னன்." நிறுத்தினாள். "அண்ணன் சொன்னது ஒண்ணும் தப்பில்லீங்க."

வாய்விட்டுச் சிரிக்கிறாள். நானும் சிரித்தேன், போனைத் தள்ளி வைத்துக்கொண்டு, அவளுக்குக் கேட்காமல். இடுப்புச் சரியாகி நீ நடக்க ஆரம்பித்ததும் கோபிக்கு வந்து உன் வாயைக் கொத்துகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பிறகு விளக்கேற்றப் போனேன். எல்லா வருஷமும் முதல் பலகாரம் சுவரில் இருப்பவருக்குத்தான். இன்றைக்கு வளர்மதி தட்டில் கச்சாயத்தை எடுத்துக்கொண்டு வந்து படத்துக்கு முன்னால் வைக்கப் போனாள். "வேண்டாம்" என்றேன். "அம்மி கொத்தறதுக்கு இருக்கட்டும்." ஒன்றும் புரியாமல் நின்றாள். இவர் மட்டும் மாலைக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே இருக்கிறார். ஒரு பொழுது என் சமையலைக் குறை சொல்லாத மனுஷர்.

இந்த நேரம் பார்த்து டேப்லெட் கணகணவென்றது. பவானியிலிருந்து ஓர் ஆர்டர். தீபாவளியன்றைக்கும் நைட்டி. ராஜலட்சுமி கையெல்லாம் மாவு, இவர் பேரைத் தட்டித் திறக்க வேறு யாரையும் நான் கூப்பிடவில்லை. நானே உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். திறந்துகொண்டது. ஆகாசம் ஒன்றும் இடிந்து விழவில்லை. பவானிக்காரியிடம் பேசிப் பச்சை அமுக்கிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

கோபியை விட்டுவிட்டேன். யாரும் யாரையும் மன்னித்துவிட்டதாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிய வேண்டாம், அவளிடம் பேசுகிறேன், அவ்வளவுதான். மாரப்பனையும் விட்டுவிட்டேன். மிஷினையும் விட்டுவிட்டேன், அது சொன்னதைக் கேட்டது.

ஒருத்தரை மட்டும் விடமாட்டேன். செத்தாலும் விடமாட்டேன், அவர் செத்தும் நான் விடவில்லை. பேரையும் எழுதிவைக்கிறேன், பிற்பாடு யாரும் இல்லை என்று சொல்லக் கூடாது.

நாச்சிமுத்து.